நமக்கு வேண்டாத விவகாரம்!

அமெரிக்கக் காட்டுக் குடியானவர்களின் மகாநாடுகள் தரும் பாடம்

சங்கம் என்று ஒன்று இருந்தால் ஆண்டுக்கொரு மகாநாடு இருக்கும். கிளைகளிலிருந்து பிரதிநிதிகள் வருவார்கள். தலைவரும் காரியதரிசியும் தேர்ந்தெடுக்கப்படுவார்கள். அறிக்கை படிக்கப்படும், அங்கத்தினர் கணக்கு சொல்லப்படும், கேள்விகள் கிளம்பும், தீர்மானங்கள் நிறைவேறும். அடுத்த ஆண்டு எந்த ஊரில் கூடுவது என்று முடிவு செய்துகொண்டு கலைவார்கள். ஆலையிலும் வயலிலும் பாடுபடும் நம் வாசகர்களுக்கு இது பழகிப்போன காரியம்.

ஏறக்குறைய இதே முறையில், 200 ஆண்டுகளுக்கு முன்பே, அமெரிக்காவின் மேற்கு எல்லைக் காடுகளில் ஏழைக் குடியானவர்கள் ஆண்டுதோறும் மகாநாடு கூட்டினார்கள். மரத்தை வெட்டிச் சாய்த்து, வேரைக் கிளப்பி, மக்காச்சோளம் விதைத்துப் பிழைத்தவர்கள் அவர்கள். பாப்டிஸ்ட் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர்கள். பக்கத்துப் பக்கத்துச் சபைகள் பத்தோ இருபதோ சேர்ந்து ஒரு சங்கம் அமைத்துக்கொள்ளும். அந்தச் சங்கம் வருஷத்துக்கு ஒரு தடவை கூடும்.

"மத விவகாரம் நமக்கெதற்கு?" என்று தோழர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். ஏழைகள் தங்கள் கையாலேயே கட்டிய ஒரு ஸ்தாபனம், தன் முன் வந்து நின்ற மிகப் பெரிய கேள்வியைக் கண்டு எப்படி வாயை மூடிக்கொண்டது என்ற கதை இதில் இருக்கிறது. "நமக்கெதற்கு" என்ற அதே சொல்லைச் சொல்லித்தான் அவர்களும் வாயை மூடிக்கொண்டார்கள்.

சிறையிலிருந்து காட்டுக்கு

முதலில் இவர்கள் யார் என்று பார்ப்போம்.

18-ம் நூற்றாண்டில் வர்ஜீனியா, பிரிட்டிஷ் முடியாட்சியின் கீழ் இருந்த காலனி. அங்கே இங்கிலாந்துத் திருச்சபைதான் சர்க்கார் சபை. எந்த மதப் பிரிவில் இருந்தாலும் அந்தச் சபையின் பாதிரியாருக்காக வரி கட்டியாக வேண்டும். பெரிய புகையிலைப் பண்ணைக்காரர்கள்தான் அந்தச் சபையின் நிர்வாகிகள். பாப்டிஸ்டுகள் இதை ஏற்க மறுத்தார்கள். குழந்தைக்கு ஞானஸ்நானம் செல்லாது, விசுவாசம் இன்னதென்று அறிந்த வயதில்தான் பெறவேண்டும் என்றார்கள். மனிதனின் விசுவாசத்தில் சர்க்காருக்கு என்ன வேலை என்று கேட்டார்கள். பிரசங்கம் செய்ய எவனிடமும் அனுமதிச் சீட்டு வாங்க மாட்டோம் என்றார்கள்.

விளைவு? சிறை! 1768-ல் லூயிஸ் கிரெய்க் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் பிரடெரிக்ஸ்பர்க் சிறையில் அடைக்கப்பட்டார்கள். அவர்கள் சிறை ஜன்னல் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு வெளியே கூடிய ஜனங்களுக்குப் பிரசங்கம் செய்தார்கள். அந்த ஆண்டிலிருந்து சுதந்திர யுத்தம் வரையில் வர்ஜீனியாவில் சிறை கண்ட பாப்டிஸ்ட் உபதேசிகள் பலர். வர்ஜீனியாவில் 1786-ல் மத சுதந்திரச் சட்டம் வந்ததற்கு இவர்களுடைய மனுக்களும் கிளர்ச்சியும் ஒரு முக்கியக் காரணம்.

1781-ல் அதே லூயிஸ் கிரெய்க் தன் சபையார் பல நூறு பேரை ஒன்றாகத் திரட்டிக்கொண்டு மலைகளைக் கடந்து கென்டக்கிக்குப் போனார். 'பிரயாணச் சபை' என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. வேறு பலரும் அதே வழியில் போனார்கள். கென்டக்கியில் 1785-ல் எல்க்ஹார்ன் சங்கமும் சேலம் சங்கமும் பிறந்தன. அடுத்த ஆண்டு டென்னஸியில் ஹோல்ஸ்டன் சங்கம் பிறந்தது. கிழக்கே பிலடெல்பியாவில் 1707-லேயே ஐந்து சபைகள் சேர்ந்து முதற் சங்கத்தைத் தோற்றுவித்திருந்தன. அந்த முறைதான் குடியானவர்களோடு மலையேறி மேற்கே வந்தது.

ஒன்றை மறந்துவிடலாகாது. அவர்கள் போய் இறங்கிய பூமி ஆளற்ற பூமி அல்ல. ஷானி, செரோக்கி முதலிய பூர்வகுடி மக்கள் தலைமுறை தலைமுறையாக வேட்டையாடி வாழ்ந்த பூமி அது. துப்பாக்கியாலும் வஞ்சக ஒப்பந்தங்களாலும் பறிக்கப்பட்ட நிலத்தில்தான் அந்தச் சபைகள் எழுந்தன. பின்னால், 1838-ல், செரோக்கி மக்கள் சுமார் 16,000 பேரைச் சர்க்கார் பட்டாளம் வைத்து மேற்கே விரட்டியபோது ஏறக்குறைய 4,000 பேர் மடிந்தார்கள். அப்படி விரட்டப்பட்டவர்களில் ஒரு கூட்டத்தை வழிநடத்திச் சென்றவர் ஜெஸ்ஸி புஷிஹெட் என்ற செரோக்கி பாப்டிஸ்ட் உபதேசி. பூர்வகுடிகளை மேற்கே அகற்றுவதே நல்லது என்று வாதாடிய ஐசக் மக்காய் என்பவரும் பாப்டிஸ்ட் மிஷனரிதான். ஒரே வேதம், ஒரே சபை. ஒருவர் விரட்டப்பட்டவர், மற்றவர் விரட்டுவதற்கு நியாயம் சொன்னவர்!

மகாநாட்டுக் காட்சி

ஆகஸ்டு முதல் அக்டோபர் வரையில் மகாநாட்டுக் காலம். களையெடுப்பு முடிந்து, குடியானவனுக்குச் சற்றே மூச்சுவிட நேரம் கிடைக்கும் சமயம். வெள்ளிக்கிழமையோ சனிக்கிழமையோ தொடங்கி, பெரும்பாலும் திங்கட்கிழமை வரை நடக்கும்.

பிரதிநிதிகள் குதிரை மீதும் நடந்தும் வருவார்கள். ஓட்டலும் சத்திரமும் இல்லாத காட்டில், கூட்டம் நடக்கும் ஊர்க் குடியானவர்கள்தான் அவர்களுக்கு இடம் கொடுப்பார்கள். ஒற்றை அறை மரக்குடிசையில் பத்துப் பதினைந்து பேர் தரையில் படுப்பார்கள். வந்தவனுக்குச் சோறு, அவன் குதிரைக்குத் தீனி, இரண்டும் ஊராரின் பொறுப்பு. கூலி கிடையாது, கட்டணம் கிடையாது.

முதலில் ஒரு பிரசங்கம். பிறகு ஒவ்வொரு சபையும் கொடுத்தனுப்பிய கடிதம் படிக்கப்படும். அந்த ஆண்டில் ஞானஸ்நானம் பெற்றவர் எத்தனை, வேறு சபையிலிருந்து வந்தவர் எத்தனை, விலகிப் போனவர் எத்தனை, நீக்கப்பட்டவர் எத்தனை, இறந்தவர் எத்தனை, ஆக மொத்தம் எத்தனை என்று கணக்கு வரும். காரியதரிசி அதைக் கட்டம் போட்டு எழுதிக்கொள்வார். கென்டக்கியில் பெரிய மத எழுச்சி பொங்கிய 1801-ல் எல்க்ஹார்ன் சங்கத்தில் மட்டும் 3,000-க்கு மேற்பட்டவர்கள் ஞானஸ்நானம் பெற்றதாகக் கணக்கு வந்தது.

தலைவர் தேர்தல் நடக்கும். ஒழுங்கு விதிகள் வாசிக்கப்படும். பேசுகிறவன் எழுந்து நின்று தலைவரைப் பார்த்துப் பேசவேண்டும். ஒருவன் பேசும்போது இன்னொருவன் குறுக்கிடக்கூடாது. ஒரே விஷயத்தின் மீது அனுமதியில்லாமல் மூன்று தடவைக்கு மேல் பேசக்கூடாது. கூட்டத்தில் கிசுகிசுக்கவோ சிரிக்கவோ கூடாது. ஒருவரையொருவர் 'சகோதரர்' என்றே அழைக்க வேண்டும். எஜமானே, துரையே என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை.

அண்டைச் சங்கங்களிலிருந்து தூதர்கள் வருவார்கள். அவர்களுக்குக் கை கொடுத்து வரவேற்பு. சபைகள் அனுப்பிய கேள்விகளுக்குப் பதில் சொல்லப்படும். எல்லாச் சபைகளுக்கும் பொதுவாக ஒரு சுற்றுக் கடிதம் எழுதி நிறைவேற்றப்படும். நடவடிக்கைக் குறிப்பை அச்சடிக்க ஒவ்வொரு சபையும் சில்லறை போடும். அந்தக் குறிப்புப் புத்தகம் அடுத்த ஆண்டு வரையில் வீடு வீடாகச் சுற்றும்.

ஞாயிற்றுக்கிழமை ஊரே திரண்டு வரும். மரவீட்டுச் சபையில் அத்தனை பேருக்கு இடம் ஏது? சோலையில் மேடை கட்டி, ஒருவர் பின் ஒருவராகப் பிரசங்கம். பிரசங்கி யார்? நேற்று வரையில் ஏர் ஓட்டியவன். செவ்வாய்க்கிழமை மறுபடியும் ஏர் ஓட்டப் போகிறவன். சம்பளம் வாங்காத உபதேசி. கல்லூரியைக் கண்டவன் அல்ல. கேட்கிறவர்களில் பலருக்கு எழுத்து வாசனை இல்லாததால், பாட்டை ஒருவர் வரிவரியாகச் சொல்லிக் கொடுக்க, எல்லோரும் திருப்பிப் பாடுவார்கள்.

தோழர்களே, இதைக் கேவலமாக நினைக்க நமக்கு மனம் வரவில்லை. அரசனையும் பிஷப்பையும் நம்பாமல், பாமரக் குடியானவன் தன் காரியத்தைத் தானே பேசி, தானே வோட்டுப் போட்டு, தானே எழுதி வைத்துக்கொண்ட ஸ்தாபனம் இது. சங்கம் சபைக்கு எஜமானன் அல்ல, ஆலோசனை சொல்லும் சபை மட்டுமே என்பது அவர்களுடைய அடிப்படை விதி.

இவ்வளவு நல்ல கருவியைக் கையில் வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் கேள்வி.

கணக்கில் வந்தவர்கள், பேச்சில் வராதவர்கள்

அந்தச் சபைகளின் அங்கத்தினர் கணக்கில் கறுப்பு அடிமைகளும் சேர்க்கப்பட்டார்கள். அடிமையும் ஆண்டையும் ஒரே ஆற்றில் ஞானஸ்நானம் பெற்றார்கள். ஒரே அப்பத்தைப் பிட்டுத் தின்றார்கள். கூட்டம் கலைந்ததும் ஒருவன் மற்றவனுக்குச் சொத்து!

இது சரியா என்ற கேள்வி எழாமல் இருக்குமா? எழுந்தது.

1791-ல் கென்டக்கி தனி மாநிலமாக ஆகப்போகிற தறுவாய். அரசியல் சட்டம் எழுத மாநாடு கூடவிருந்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில் எல்க்ஹார்ன் சங்கம், மத சுதந்திரத்தையும் நிரந்தர அடிமைத்தனத்தையும் பற்றி அந்த மாநாட்டுக்கு அனுப்ப ஒரு விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்டது. சபைகளுக்குச் செய்தி போயிற்று. அடிமை வைத்திருந்தவர்கள் கொதித்தெழுந்தார்கள். டிசம்பரில் மீண்டும் கூடி, அந்த விண்ணப்பத்தைச் சங்கம் கைகழுவியது. நான்கே மாதம்!

1792-ல் அரசியல் சட்ட மாநாடு கூடியது. அடிமை முறைக்குக் காப்பு அளிக்கும் பிரிவை நீக்க வேண்டும் என்ற பிரேரணை 16-க்கு 26 என்ற வோட்டுக் கணக்கில் தோற்றது. மாநாட்டில் இருந்த போதகர்கள் அடிமை முறைக்கு எதிராகவே வோட்டளித்தார்கள். பத்து வோட்டு வித்தியாசம். சங்கங்கள் தங்கள் பலம் முழுவதையும் திரட்டிப் பின்னால் நின்றிருந்தால்? வரலாற்றில் இப்படிக் கேட்பதற்கு நிச்சயமான பதில் இல்லை. ஆனால் அவர்கள் நிற்கவில்லை என்பது நிச்சயம்.

பிறகு 1805. எல்க்ஹார்ன் சங்கம் ஒரு தீர்மானம் போட்டது. அடிமைகளின் விடுதலை பற்றியோ வேறு அரசியல் விஷயம் பற்றியோ உபதேசிகளும் சபைகளும் சங்கங்களும் தலையிடுவது முறையல்ல, மதக் காரியஸ்தர் என்ற முறையில் அதில் சம்பந்தப்பட வேண்டாம் என்பது அதன் சாரம். நம் பாஷையில் சொன்னால், "நமக்கு வேண்டாத விவகாரம்!"

ஏன் இந்த மாறுதல்? கணக்கைப் பாருங்கள். 1790-ல் கென்டக்கியில் அடிமைகள் 12,430 பேர். 1800-ல் 40,343. 1830-ல் 1,65,213. நிலத்தோடும் புகையிலையோடும் சணலோடும் சேர்ந்து அடிமைகளும் பெருகினார்கள். மரவெட்டிக் குடியானவனாக வந்தவர்களில் சிலர் பண்ணைக்காரர்கள் ஆனார்கள். உபதேசிகளிலும் சிலர் அடிமை வாங்கினார்கள். மரவீட்டுச் சபை செங்கல் கட்டடமாயிற்று. செங்கல் வாங்கப் பணம் கொடுத்தவனுக்குக் கூட்டத்தில் குரல் உயர்ந்தது. தீர்மானத்தின் பாஷை வேதத்தின் பாஷையாக இருக்கலாம். அதன் அஸ்திவாரம் சொத்து.

நடுநிலை என்ற நாடகம்

"நாங்கள் ஆதரிக்கவும் இல்லை, எதிர்க்கவும் இல்லை, விலகி நிற்கிறோம்" என்பது அவர்கள் வாதம். அது பொய் என்பதை அவர்களுடைய செய்கையே காட்டிவிட்டது.

டேவிட் பாரோ என்று ஒரு உபதேசி. வர்ஜீனியாவில் இருந்தபோது, 1784-ல், தன் அடிமைகளைத் தானே விடுதலை செய்தவர். 1798-ல் கென்டக்கிக்கு வந்தார். அடிமைத்தனம் பாவம் என்று வெளிப்படையாகப் பேசினார். அவர் அங்கம் வகித்த வடமாவட்டச் சங்கம் 1805-ல் அவர் மீது குற்றம் சாட்டியது. 1806-ல் அவரை வெளியேற்றியது.

பாருங்கள் விந்தையை! சங்கம் ஆலோசனை சபை மட்டும்தான். யாரையும் கட்டாயப்படுத்தும் அதிகாரம் அதற்கு இல்லை. ஆகையால் அடிமை வைத்திருப்பவனை அது ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் அடிமை வைப்பது தவறு என்று சொன்னவனை வெளியே தள்ள மட்டும் அதற்கு அதிகாரம் வந்துவிட்டது! விலகி நிற்கிறவனின் முதுகு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது அப்போது தெரிந்தது.

இன்னொன்றும் உண்டு. "பிளவு வந்துவிடும், ஒற்றுமை கெட்டுவிடும்" என்று பயந்துதான் அவர்கள் பேசவில்லை என்று வாதிப்பார்கள். இந்தப் பயத்தை நாம் ஏளனம் செய்யவில்லை. சிதறிக் கிடந்த சின்னச் சின்னச் சபைகளை ஒன்றாகக் கட்டி வைப்பது லேசான வேலையல்ல. ஆனால் இதே சங்கங்கள் 1820-களிலும் 1830-களிலும் வேறு விஷயங்களுக்காகத் தயங்காமல் பிளந்தன. வெளிநாட்டு மிஷன்களுக்கு வசூல் செய்யலாமா, பணம் கட்டி அங்கத்தினராகும் மிஷன் சங்கங்கள் வேதத்துக்கு ஒத்தவையா, ஞாயிறு பள்ளிக்கூடம் கூடுமா என்பதற்கெல்லாம் சபை சபையாக உடைந்தன. கிழக்கத்திப் பணக்காரச் சங்கங்கள் தங்களை ஆளவருகின்றன என்ற கிராமத்தானின் கோபம் அதில் இருந்தது. அந்தக் கோபத்தில் நியாயமும் இருந்தது. ஆனால் வசூல் தட்டுக்காகப் பிளக்கத் துணிந்தவர்கள், விலங்கு பூட்டிய மனிதனுக்காகப் பிளக்கத் துணியவில்லை. ஆகவே ஒற்றுமை என்பது முழுக் காரணம் அல்ல.

வாயை மூடிக்கொண்ட ஸ்தாபனம் எங்கே போய்ச் சேரும்? 1835-ல் ஒரு கேள்வி வந்தது. இது எல்லைப்புறத்துக்குக் கிழக்கே, சவானா நதிச் சங்கத்தில் நடந்தது. அடிமைத் தம்பதிகளில் ஒருவரை எஜமானன் தூரதேசத்துக்கு விற்றுவிட்டால், மற்றவர் மறுமணம் செய்யலாமா என்பது கேள்வி. அப்படிப் பிரிக்கப்படுவது மரணத்தால் பிரிவதற்குச் சமம், ஆகையால் செய்யலாம் என்று பதில் வந்தது. புருஷன் உயிரோடிருக்கிறான், ஆனால் சங்கம் அவனுக்குக் கருமாதி செய்துவிட்டது! விற்றவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மனைவிக்கு மறுமண அனுமதி, எஜமானனுக்கு மன்னிப்பு. வேண்டாத விவகாரம் என்று ஒதுங்கினவர்கள், கடைசியில் அந்த விவகாரத்துக்கே கணக்கெழுதும் குமாஸ்தாக்கள் ஆனார்கள்.

பணியாதவர்கள்

ஆனால் எல்லோரும் பணிந்துவிடவில்லை. இதைச் சொல்லாவிட்டால் கதை பாதிதான்.

வெளியேற்றப்பட்ட பாரோவும் கார்ட்டர் டாரன்ட் முதலிய தோழர்களும் 1807-ல் கென்டக்கியில் தனிச் சங்கம் அமைத்தார்கள். 'மனிதகுலத்தின் நண்பர்கள்' என்று பெயர் பெற்றார்கள். அடிமை வைத்திருப்பவருக்குச் சபையில் இடமில்லை என்பதை, சில விதிவிலக்குகளுடன், பொது விதியாக்கினார்கள். சின்னஞ்சிறு கூட்டம், பாரோ 1819-ல் இறந்த பிறகு அதிக நாள் நீடிக்கவில்லை. இல்லினாயில் ஜேம்ஸ் லெமன் என்பவர் 1809-ல் இதே கேள்வியில் சங்கத்திலிருந்து பிரிந்தார். அவர் கூட்டமும் சிறியதே. ஆனால் 1824-ல் இல்லினாயில் அடிமை முறையைப் புகுத்தும் நோக்கத்தோடு அரசியல் சட்டத்தைத் திருத்த வோட்டு நடந்தபோது, ஜனங்கள் 4,972-க்கு எதிராக 6,640 வோட்டுகளால் அதை முறியடித்தார்கள். அந்த வெற்றியில் இந்தச் சிறு கூட்டத்துக்கும் பங்குண்டு. ஆபிரகாம் லிங்கனின் பெற்றோர்கூட, கென்டக்கியில் அடிமை முறையை எதிர்த்துப் பிரிந்த ஒரு சிறிய பாப்டிஸ்ட் சபையைச் சேர்ந்தவர்களே.

அடிமைகளும் சும்மா இருக்கவில்லை. எஜமானனுடன் கென்டக்கிக்கு வந்த பீட்டர் டூரெட் என்ற அடிமை, 1790 வாக்கில் லெக்ஸிங்டனில் கறுப்பு மக்களுக்கென்று ஒரு சபையைத் திரட்டினார். அவருக்குப் பின் லண்டன் பெரில் என்ற சுதந்திரக் கறுப்பர் அதை அந்த மாநிலத்தின் மிகப் பெரிய சபைகளில் ஒன்றாக வளர்த்தார். 1830-களில் ஒஹையோவிலும் இல்லினாயிலும் கறுப்பு பாப்டிஸ்டுகள் தங்களுடைய சொந்தச் சங்கங்களையே அமைத்துக்கொண்டார்கள். அதே கடிதம், அதே தலைவர் தேர்தல், அதே குறிப்புப் புத்தகம். ஆனால் அந்த மகாநாடுகளில் அடிமைத்தனம் வேண்டாத விவகாரமாக இருக்கவில்லை. கருவி ஒன்றுதான். யார் கையில் இருக்கிறது, எதற்காக எடுக்கப்படுகிறது என்பதுதான் வித்தியாசம்.

பில் வந்தது

மௌனத்தால் ஒற்றுமையாவது மிஞ்சியதா? அதுவும் இல்லை. அடிமை வைத்திருப்பவனை மிஷனரியாக நியமிக்க மாட்டோம் என்று வடக்கத்தியர் சொன்னபோது, 1845-ல் ஜார்ஜியாவின் அகஸ்டா நகரில் தெற்கத்திய பாப்டிஸ்டுகள் கூடித் தனி மாநாட்டு அமைப்பை உண்டாக்கிக்கொண்டார்கள். எந்தப் பிளவுக்குப் பயந்து நாற்பது வருஷம் ஊமையாக இருந்தார்களோ, அந்தப் பிளவு தேசம் முழுவதையும் பிளந்துகொண்டு வந்தது. 1861 முதல் 1865 வரை உள்நாட்டு யுத்தம். கென்டக்கியின் அடிமைகள், அரசியல் சட்டத்தின் 13-வது திருத்தம் அமலுக்கு வந்த 1865 டிசம்பரில்தான் சட்டப்படி விடுதலை பெற்றார்கள். அந்தத் திருத்தத்துக்குக் கென்டக்கி சட்டசபை ஒப்புதல் அளித்தது எப்போது தெரியுமா? 1976-ல்!

தெற்கத்திய பாப்டிஸ்ட் மாநாடு தன் பிறப்பில் அடிமை முறைக்கு இருந்த பங்கை ஒப்புக்கொண்டு கறுப்பு மக்களிடம் மன்னிப்புக் கேட்டுத் தீர்மானம் போட்டது 1995-ல். எல்க்ஹார்ன் தீர்மானத்திலிருந்து கணக்குப் போட்டால் 190 ஆண்டு. மன்னிப்பைக் கேட்க வேண்டியவர்களில் ஒருவர்கூட அப்போது உயிரோடில்லை.

தோழர்களே! அந்தக் காட்டுக் குடியானவர்கள் பொல்லாதவர்கள் என்று சொல்லிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. மனச்சாட்சிக்காகச் சிறை போனவர்கள் அவர்கள். வந்தவனுக்குத் தரையில் பாய் விரித்துத் தன் சோற்றில் பங்கு கொடுத்தவர்கள். அப்படிப்பட்டவர்களே, தங்கள் கூட்டத்துக்குள்ளேயே மிதிபட்டுக் கிடந்தவனைப் பற்றிப் பேச நேர்ந்தபோது, விதியைக் காட்டினார்கள், ஒற்றுமையைக் காட்டினார்கள், நேரமில்லை என்றார்கள். அங்கத்தினர் கணக்கில் அவனைக் கூட்டிக்கொண்டார்கள். பேச்சுப் பட்டியலில் அவனை விட்டுவிட்டார்கள்.

நாமும் கூட்டம் போடுகிறோம். நம் கூட்டத்திலும் எங்கோ பின்வரிசையில் ஒருவன் தயங்கித் தயங்கி எழுந்திருப்பான். "உட்காரப்பா, இது இந்தக் கூட்டத்துக்கு வேண்டாத விவகாரம்" என்று ஒரு குரல் வரும். அப்போது நாம் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: யாருக்கு வேண்டாத விவகாரம்?

பதில் கிடைக்கும் வரையில் அவனை உட்காரவிடக் கூடாது.